ஐகோவும் ஐயோவும்: ஏளனத்துக்கும் சொந்தங்கொண்டாடலுக்கும் ஒரு மறுப்பு

கொரிய மொழியை முன்னிட்டுத் தமிழ் படித்தோரிடையே இன்று இரண்டு குரல்கள் ஒலிக்கின்றன. ஒன்று ஏளனம், மற்றொன்று சொந்தங்கொண்டாடல். இரண்டும் ஒரே சோம்பலின் இரு முகங்கள் என்பது நமது கட்சி.

நிலைமையை முதலில் சொல்லிவிடுவோம். அறந்தாங்கியிலிருந்தும் ஆலங்குடியிலிருந்தும் பொன்னமராவதியிலிருந்தும் பேருந்தேறிப் புதுக்கோட்டைக்குப் படிக்க வரும் பிள்ளைகளில் சிலர், குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ‘ஐகோ’, ‘தேபாக்’, ‘ஜின்ஜா’, ‘ஒத்தொக்கே’ என்று தமிழ் எழுத்தில் எழுதி, எதிரே பொருளும் குறித்துக்கொள்கின்றனர். எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கைப்பேசியில் தொடர் பார்த்துக் கற்றவை. இதைக் கண்டதும் எழுவது முதற்குரல்: “தமிழில் ஒற்றுப்பிழை இல்லாமல் ஒரு பத்தி எழுத வரவில்லை, இதில் அந்நியக் கூச்சல் வேறா?”

இவ்வாறு கடிந்துகொள்ளும் பெரியோருக்கென்றே கொரியப் பேச்சு வழக்கில் ஒரு சொல் உண்டு. கேட்காமலே அறிவுரை பொழிந்து இளையோரை மட்டந்தட்டும் மூத்தவரை ‘க்கொந்தே’ என்பார்கள். அந்தப் பட்டம் தமிழாசிரியர்க்கு வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

உணர்ச்சிச் சொல் வெறுங் கூச்சலா? ‘ஐகோ’வையே எடுத்துக்கொள்வோம். மூட்டுவலியோடு தரையில் அமரும் கொரியப் பாட்டி ஐகோ என்கிறாள். பேரப்பிள்ளையைக் கண்டு பூரித்தும் ஐகோ என்கிறாள். சாவு வீட்டின் மரபான புலம்பலும் ‘ஐகோ, ஐகோ’ என்றே நீள்கிறது. ஒரே ஒலி, வலி, உவகை, இழவு என மூன்று பொருள். இதைக் கூச்சல் என்று தள்ளுபவர் தொல்காப்பியத்தைத் தேர்வுக்கு மட்டும் படித்தவராகத்தான் இருக்க முடியும். சொல்லதிகாரத்தில் இடைச்சொற்களுக்கென ஓர் இயலையே ஒதுக்கி, மன் என்பதற்கு மூன்று பொருளும் ஓகாரத்துக்கு ஆறு பொருளும் பிரித்துக்காட்டியவர் தொல்காப்பியர். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, அவற்றுள் அழுகை ஒன்றுக்கே இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன் கண்டவரும் அவரே. அந்த மரபில் வந்தோர்க்கு ஒரு மாணவி ஐகோவின் மூன்று பொருளை வேறுபடுத்தி அறிவது இழிவாகத் தோன்றுவானேன்?

இனி இரண்டாம் குரல். இது இனிப்பானது, ஆகவே மேலும் கேடானது. “அவர்களும் அப்பா, ஒம்மா என்கிறார்கள். நாளை நல் என்கிறார்கள். ஐயோதான் ஐகோ ஆயிற்று. ஆகவே கொரிய மொழி தமிழின் குழந்தை!” மேடைதோறும் கைதட்டல் வாங்கித்தரும் வாதம் இது. இதற்குத் துணையாக, 13ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘சம்குக் யூசா’ என்னும் நூல் கூறும் அரசி ஹோ ஹ்வாங்-ஓக் கதையும் இழுத்துவரப்படும். அவள் புறப்பட்ட நாடு ‘அயுத்தா’ என்கிறது அந்நூல். வடக்கே அதனை அயோத்தி என்று கொண்டு 2001இல் நினைவிடமே எழுப்பிவிட்டார்கள். தெற்கே சிலர் அவளைத் தமிழ்ப்பெண் என்கிறார்கள். ஒரு பழங்கதைக்கு இத்தனை பிறந்த வீடுகள்!

ஒப்புமை பேசுவது புதிதன்று. 1905இலேயே ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூல் எழுதினார். வினை இறுதியில் வருவது, சொல்லோடு உருபுகள் ஒட்டுவது ஆகிய ஒற்றுமைகள் உண்மையே. ஆனால் இவை ஜப்பானியத்திலும் துருக்கியிலும் உண்டு. மொழிகளின் உறவை மெய்ப்பிப்பது ஒழுங்கான ஒலிமாற்றம். தமிழில் பால், பல், புலி. கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி. சொல்லுக்குச் சொல் பகரம் ஹகரமாகிறது, இதுவன்றோ உறவு! கொரியத்தோடு அத்தகைய ஒழுங்கை நிறுவியவர் எவருமில்லை. எண்ணுப்பெயர்களைப் பாருங்கள்: ஹனா, துல், செத், நெத், தசொத். ஒன்று, இரண்டு, மூன்று எங்கே?

அப்பா, அம்மா என்பன உறவுக்குச் சான்றாகப் போதா. குழந்தையின் வாய்க்கு முதலில் எளிதாக வருவன இதழொலிகளும் அகரமும் என்று ரோமன் யாகப்சன் விளக்கியிருக்கிறார். எபிரேயத்திலும் தந்தை ‘அப்பா’தான், ஜார்ஜிய மொழியிலோ ‘மாமா’ என்றால் தந்தை! ஆங்கிலத்தில் கெட்டது ‘பேட்’, பாரசீகத்தில் ‘பத்’, பொருள் ஒன்று, மூலம் வேறு. தற்செயலுக்கும் மொழியில் இடமுண்டு. உணர்ச்சிச் சொற்களோ தற்செயலின் விளைநிலம். நோவில் எழும் ஒலி எந்நாட்டு மனிதருக்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒலிக்கும்.

இந்தச் சொந்தங்கொண்டாடல் ஏன் கேடானது? கற்கவேண்டியதைக் கற்கவிடாமல் செய்கிறது, அதனால். ‘எல்லாம் நம்முடையதே’ என்றவர் அங்கே வேறாக இருப்பதைப் பார்ப்பதில்லை. கொரியத்தில் நெருங்கியோரிடம் பேசும் பேச்சுக்குப் ‘பன்மல்’ என்று பெயர். சொற்பொருள் ‘பாதிப் பேச்சு’. தோழிக்குக் ‘கோமாவோ’ என்று நன்றி சொல்லலாம்; ஆசிரியருக்குக் ‘கம்சாஹம்னிதா’ என்றே சொல்லவேண்டும். ‘யா!’ என்று மூத்தவரை விளிப்பது, நம்மூரில் தலைமையாசிரியரை ‘டேய்’ என்பதற்கு நிகர். ‘ஒப்பா’ என்பது பெண் தன் அண்ணனை விளிக்கும் சொல்; ஆண் அவனை ‘ஹியோங்’ என்பான். தொடர்களிலிருந்து உதிரியாகச் சொல் பொறுக்குவோர்க்கு இந்த வரம்பு எளிதில் பிடிபடுவதில்லை.

வரம்பு அறியாமை விளையாட்டன்று, பிழைப்போடு தொடர்புடையது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தி தொடங்கியதிலிருந்து கொரிய மேலாளரின்கீழ் வேலை பார்க்கும் தமிழர் பெருகினர். இலங்கையிலிருந்து கொரியத் தொழிற்சாலை வேலைக்குச் செல்வோர் மொழித்தேர்வில் தேறியாக வேண்டும். 2021இல் வெளிவந்த ‘ஸ்க்விட் கேம்’ தொடரில் புலம்பெயர் தொழிலாளி அலி, ‘சஜாங்னிம்’ என்று முதலாளியை அழைக்கும் சொல்லாலேயே மற்றவனையும் அழைக்கிறான். அவன் ‘ஹியோங்’ என்று அழைக்கச் சொன்னதும் அலியின் முகம் மலர்கிறது. பின்னர் வஞ்சிப்பவனும் அந்த அண்ணனே. ஒரு விளிச்சொல்லில் ஒரு மனிதனின் நிலையும் நம்பிக்கையும் அழிவும் அடங்கியிருக்கின்றன. மேலாளரை எப்படி விளிப்பது என்று அறியாமல் அந்நிய மண்ணில் நிற்பவனுக்கு ‘கொரியமும் தமிழே’ என்னும் முழக்கம் என்ன உதவி செய்யும்?

இவ்விரு குரல்களாலும் மறைக்கப்படும் உண்மை ஒன்றுண்டு. கொரியச் சொல்லுக்குக் கைப்பேசியில் பட்டியல் கிடைக்கிறது. ஆக்ஸ்போர்டு அகராதி 2021 செப்டம்பரில் தேபாக், ஒப்பா உள்ளிட்ட 26 சொற்களை ஏற்றுக்கொண்டது. நம் பேச்சுக்கு அத்தகைய பட்டியல் எங்கே? 1982இல் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி கண்டார். அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். 2000இல் பெருமாள்முருகன் கொங்கு வழக்குக்குச் செய்தார். தமிழ் கற்க வரும் ஒரு கொரியப் பெண் ‘ஆத்தாடி’க்கும் ‘அடியாத்தி’க்கும் வேறுபாடு கேட்டால் எந்தப் பாடநூலை நீட்டுவோம்? நாவை மேற்பல்லில் ஒட்டிப் பிரித்து ‘ப்ச்’ என்கிறோமே, அது சலிப்பா, இரக்கமா, மறுப்பா? தேர்வுத்தாளில் ‘கொச்சை’ என்று சிவப்புக்கோடு இடுவதோடு நம் கல்வி முடிந்துவிடுகிறது.

எனவே மாவட்டத்துத் தமிழ்த்துறைகளிடம் நாம் கேட்பது ஒன்றே. ‘ஐகோ’ எழுதிய மாணவியைக் கடியவும் வேண்டாம். ‘அதுவும் நம் சொல்தான்’ என்று ஏமாற்றவும் வேண்டாம். அதே குறிப்பேட்டைக் கையில் கொடுத்து அவள் ஊருக்கு அனுப்புங்கள். திருமயத்து ஆச்சி எதற்கு ‘யாத்தே’ என்கிறார், மணமேல்குடிக் கடற்கரையில் வலை இழுப்போர் எதைக் கூவுகின்றனர், யார் யாரிடம் எச்சொல்லைச் சொல்லலாம், எவரிடம் கூடாது என்று எழுதிவரச் சொல்லுங்கள். அந்நிய மொழியில் அவள் தானாகவே செய்த வேலை இது. தன் மொழியில் செய்யமாட்டாளா? பாட்டிகள் போனபின் அச்சொற்களைக் கேட்டு எழுத ஆளிருந்தும் சொல்ல ஆளிருக்காது.