புகையும் செடியும்

சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை மதில்மேல் உட்கார்ந்து நண்பர் தம் புதுக் கவிதையை வாசித்தார். கடல், சிதைந்த கல்லறை, தூரத்தில் அணுஉலையின் விளக்குகள், நடுவே கஞ்சாப் புகை. புகை நான்கு இடத்தில் வந்தது. நான்காவது முறை வந்தபோது குறுக்கிட்டேன்: "அந்தச் செடியைப் பார்த்திருக்கிறீரா?" இல்லை என்றார். இலையின் விளிம்பு எப்படி இருக்கும், ஆண் செடி எது, பெண் செடி எது? தெரியாது. புகைத்ததாவது உண்டா என்றதற்குச் சிரித்தார். கல்லூரி நாட்களில் யாரோ நீட்டியதை ஒரு தடவை இழுத்து இருமியதுதான் அனுபவம்.

இது நண்பர் மேல் புகார் அல்ல. அவர் நேர்மையாகவே பதில் சொன்னார். புகார் நம் எல்லோர் மேலும்தான். நவீன தமிழ்க் கவிதையில் கஞ்சா ஒரு செடியாக வளரவே இல்லை. அது ஒரு சொல். கலகக்காரன் என்று தெரிவிக்க, சித்தர் மரபில் வந்தவன் என்று காட்டிக்கொள்ள, நடுத்தர வர்க்க வீட்டுக் கூடத்திலிருந்து ஒரு அடி வெளியே வைத்துவிட்டதாக நம்பவைக்க உதவும் சொல். செலவில்லாத சொல்லும்கூட. செடியை வைத்திருப்பவனுக்குத்தான் செலவு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் எனக்கு உறுத்தியது. இந்தக் கோட்டையைக் கட்டியது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. இங்கே வந்தது துணி வாங்க. அதே கம்பெனியின் ஆள்தான் மலபாரில் அதிகாரியாக இருந்த வான் ரீட். அவர் முயற்சியில் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்'. 1690இல் வந்த பத்தாம் தொகுதியில் கஞ்சாவுக்கு இரண்டு படங்கள், இரண்டு மலையாளப் பெயர்கள். அந்த நூலின் மூலிகை அறிவில் பெரும் பங்கு இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியருடையது. மிளகு வியாபாரம் செய்ய வந்தவன், தன் லாபக் கணக்கில் நேரடியாக வராத செடியைக்கூட ஆள் வைத்து இலை இலையாக வரையச் செய்தான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அதை வாழ்நாள் முழுக்கத் தொட்டும் அரைத்தும் அறிந்தவன். முந்நூறு வருஷத்துக்குப் பிறகு அதே கம்பெனியின் இடிந்த சுவரில் உட்கார்ந்து நாம் புகையைப் பற்றி எழுதுகிறோம்.

பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு ஓர் உதாரணம். கஞ்சாவில் பொதுவாக ஆண் தனி, பெண் தனி. பிசின் சேர்வது பெண் பூங்கொத்தில். மகரந்தம் பட்டு விதை பிடித்துவிட்டால் சரக்கின் தரம் போயிற்று. வங்காளத்து நவ்காவ்ம் வயல்களில் இதற்கென்றே 'போத்தார்' என்று ஒருவர் இருந்தார். வரிசை வரிசையாக நடந்து, பூ முற்றுவதற்கு முன்பே ஆண் செடியை அடையாளம் கண்டு பிடுங்க வைப்பது அவர் தொழில். 1893-94இன் இந்தியச் சணல் மருந்துகள் கமிஷன் அறிக்கை அவரைப் பதிவுசெய்திருக்கிறது. அரும்பைப் பார்த்துப் பால் சொல்லும் அந்தக் கண்ணை எந்தத் தமிழ்க் கவிதையிலாவது கண்டதுண்டா? புகையைக் கவிதையில் போட இந்தக் கண் தேவைப்படவில்லை என்பதுதான் விஷயம்.

சித்தர்களைச் சாட்சிக்கு அழைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் மரபில் இது சிவமூலி, கோரக்கர் மூலி, சரி. ஆனால் மூலி என்றால் மருந்து. பக்குவம், சுத்தி, அளவு எல்லாம் அதோடு சேர்ந்தவை. 1945ஆம் வருஷத்து மருந்து விதிகளில் சித்த மருத்துவத்துக்கான நச்சுப் பொருள் பட்டியலில் எட்டியோடு கஞ்சாவும் இடம்பெற்றிருக்கிறது. எட்டியைப் பற்றி எவனும் பரவசக் கவிதை எழுதவில்லை. பாரதியைக் கூப்பிடுவது இதைவிட மோசம். அவருக்குப் பழக்கம் இருந்ததாக அவரோடு பழகியவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் அவர் உடம்பைத் தின்றது. கவிதையை அது எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்தக் காலத்துக் கஞ்சாக்குடிக்கிகள் அத்தனை பேரும் மகாகவிகளாக இருந்திருக்க வேண்டும்.

இப்போது வேறொரு கூட்டம் வந்திருக்கிறது. கனடாவில் 2018 முதல் பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு 4 செடி, ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயது வந்தவருக்கு 3 செடி, உருகுவேயில் 2013இன் சட்டப்படி வீட்டுக்கு 6 செடி வளர்க்கலாம். அங்கே தொட்டியில் வளர்ப்பவர்கள் ஜாதி ஜாதியாகப் பெயர் சொல்லுகிறார்கள். இது 'இண்டிகா', அது 'சட்டைவா', இது கலப்பு என்று. இங்கே உள்ளவர்களுக்கும் அந்தப் பெயர்கள் மனப்பாடம். 1785இல் இந்தியச் செடியைப் பார்த்து 'இண்டிகா' என்று பெயர் வைத்தவர் லமார்க். இன்று கடைப் பெட்டியில் ஒட்டியிருக்கும் 'இண்டிகா', 'சட்டைவா' சீட்டுகளுக்கும் உள்ளே இருக்கும் செடியின் மரபணுவுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பதை ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன. சரக்கு ஒன்று, சீட்டு ஒன்று. நமக்கு இது புதிதல்ல. இருத்தலியம், சர்ரியலிசம், அமைப்பியல் என்று சீட்டு மட்டும் வந்திறங்கி, உள்ளே பழைய சரக்கே இருந்ததை இந்தப் பக்கங்கள் எத்தனை முறை பார்த்திருக்கின்றன!

சட்டமும் நம்மைப் போலவே செடியைப் பார்க்க மறுக்கிறது. 1985 நவம்பர் 14இல் அமலுக்கு வந்த போதைப்பொருள் சட்டம், கஞ்சாச் செடி என்றால் அந்தப் பேரினத்தின் எந்தச் செடியும் என்கிறது. ஆணோ பெண்ணோ, நாருக்கானதோ போதைக்கானதோ, ஏக்கரோ தொட்டியோ, அந்த வரையறைக்கு எல்லாம் ஒன்று. நாருக்கும் விதைக்கும் அரசு தனி அனுமதி தரலாம் என்று ஒரு பிரிவு உண்டு; அது உத்தராகண்ட் போன்ற இடங்களில் உரிமம் பெற்றவர்களுக்கு. மற்றவர்களுக்குப் பயிரிட்டால் 10 வருஷம் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். காய்ந்த கஞ்சா 1 கிலோ வரை வைத்திருந்தால் 1 வருஷம் வரை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பூங்கொத்து சேராத இலையும் விதையும் இந்தச் சட்டத்தின் வரையறையில் கஞ்சாவே அல்ல. அதாவது ஒரு கிலோ சரக்கை வாங்கிப் பரணில் வைத்தவனைவிட, மொட்டைமாடி மண்தொட்டியில் ஒரு ஆண் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவன் சட்டத்தின் கண்ணில் பெரிய குற்றவாளி. இதைப் படித்துச் சிரிக்கலாம். உள்ளே போகிறவனுக்குச் சிரிப்பு வராது.

வெள்ளைக்காரன் அமைத்த அந்த 1893-94 கமிஷன் 1,193 சாட்சிகளை விசாரித்து, மிதமான உபயோகத்தால் பெரிய தீங்கில்லை, முழுத் தடை தேவையில்லை என்றது. வரி வருமானத்தின் மேல் அவனுக்குக் கண் இருந்தது; ஆனாலும் ஆள் வைத்துக் கேட்டான். 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை 27க்கு 25 என்று நீக்கியபோது இந்தியா ஆதரவாக வாக்களித்தது. உள்ளூர்ச் சட்டத்தில் தொட்டிக்கு 10 வருஷம் அப்படியே இருக்கிறது.

"அப்படியானால் எல்லோரும் தொட்டி வைக்கச் சொல்கிறீரா?" என்று கேட்பார்கள். இல்லை. இருபது வயதுக்கு முன்பே தினமும் இழுத்துப் புத்தி பேதலித்தவர்கள் உண்டு. அந்த அபாயம் மருத்துவம் ஒப்புக்கொண்டது. சட்டத்தை மீறுவதை வீரம் என்றும் நான் சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. 'கஞ்சா கேஸ் போட்டுவிடுவேன்' என்பது தமிழ்நாட்டில் மிரட்டலுக்கு மறுபெயர் ஆகி வெகுகாலம் ஆகிறது. அந்தக் கேஸ் நம்மில் யார் மேலும் வருவதில்லை. குடிசைக்காரன் மேல் வருகிறது, மலைக்காரன் மேல் வருகிறது. அவன் பத்து வருஷத்தை அடகு வைக்கும் ஒரு பொருளை நாம் வரிக்கு வரி அலங்காரமாக வைக்கிறோம். அவன் சிறையைப் பற்றி ஒரு வரி இல்லை, அவன் செடியைப் பற்றியும் ஒரு வரி இல்லை. இதற்குக் கலகம் என்று பெயர் சொல்லக் கூசவேண்டும்.

கோட்டையை விட்டு இறங்கும்போது மணலில் நித்தியகல்யாணி பூத்திருந்தது. கிராமத்தார் சுடுகாட்டு மல்லி என்பார்கள். மடகாஸ்கரிலிருந்து வந்த செடி. தின்றால் விஷம், அதன் இலையிலிருந்து எடுக்கும் மருந்துதான் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குப் போகிறது. தொட்டியில் வைத்தால் எந்தப் போலீஸும் வராது. நண்பர் சட்டென்று சொன்னார்: "இது எங்க வாசல்ல இருக்கு. அம்மா தண்ணி ஊத்துறப்ப பாத்திருக்கேன், காம்பை ஒடிச்சா பால் வராது, தண்ணியா ஒரு கசப்பு வாடைதான்."

கவிதையில் இது ஏன் இல்லை என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.