உத்திரமேரூர்க் கல்வெட்டும் ருக்மாபாய் வழக்கும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் குடவோலைக் கல்வெட்டுகளைப் பற்றி நாம் பெருமையோடு பேசுகிறோம். பேச வேண்டியதுதான். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் அவை பொறிக்கப்பட்டன. சொந்த மனையில் வீடு, கால் வேலிக்கு மேல் இறைநிலம், வேதப் பயிற்சி, 35க்கு மேல் 70க்குள் வயது என்று தகுதிகளை அவை வகுக்கின்றன. கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய மாமனார், மைத்துனர், சகோதரியின் கணவர், மருமகன் பெயரையும் குடத்தில் இடக்கூடாது.

மணவுறவின் வழியே அதிகாரம் எப்படிக் கைமாறும் என்பதை அச்சபை நுட்பமாக அறிந்திருந்தது. ஆனால் அவ்வுறவுகளை உண்டாக்குகிற மனைவிக்கும் சகோதரிக்கும் மகளுக்கும் அப்பட்டியலில் தகுதியும் இல்லை, தகுதியின்மையும் இல்லை. திருமணம் ஆண்களின் அரசியலுக்குள் இருந்தது. பெண்ணுக்கு மட்டும் அது வீட்டு விஷயமாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெண் தலைவர்கள் கேள்வி கேட்டது இந்த இடத்தில்தான். 1860இல் நியூயார்க்கில் கூடிய பெண்ணுரிமை மாநாட்டில் எலிசபெத் கேடி ஸ்டாண்டன் மணவிலக்கு குறித்த தீர்மானங்களைக் கொண்டுவந்தார். அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெரும் பேச்சாளரான வெண்டெல் பிலிப்ஸ், அது அம்மேடைக்குரிய பொருளே அன்று என்றார். அந்துவானெட் பிரவுன் பிளாக்வெல் என்ற பெண் தலைவரும் ஸ்டாண்டனை மறுத்துப் பேசினார். பெண்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இருக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் இவ்விவாதம் நீதிமன்றத்தில் நடந்தது. ருக்மாபாய்க்குப் பதினொரு வயதில் மணமாயிற்று. கணவர் தாதாஜி பிகாஜியோடு வாழ அவர் மறுத்தார். 1884இல் தாதாஜி பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டு நீதிபதி பின்ஹே ருக்மாபாய் பக்கம் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. 1887இல், கணவரிடம் செல்ல வேண்டும், இல்லையேல் ஆறு மாதம் சிறை என்றாயிற்று. சிறைக்கே செல்வேன் என்றார் ருக்மாபாய்.

திலகர் 'கேசரி'யில் அவரை எதிர்த்தார். அந்நிய அரசு நம் குடும்பத்துக்குள் நுழையலாகாது என்ற அன்றைய வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் மனைவியை நீதிமன்ற ஆணையால் வீட்டுக்கு வரவழைக்கும் அப்பரிகாரமே இங்கிலாந்தின் திருச்சபைச் சட்டத்திலிருந்து வந்தது. இந்து சட்டத்தில் அது இல்லை என்பதைப் பின்ஹேயே சுட்டியிருந்தார். மரபைக் காக்கப் புறப்பட்டவர்கள் கையில் எடுத்தது அந்நிய ஆயுதம். நுழைவு யாருக்கு ஆதாயம் என்பதே அங்கு கேள்வியாக இருந்தது.

ருக்மாபாயை ஆதரித்த பண்டித ராமாபாய் திருமணத்தையே வெறுத்தவர் அல்லர். 1880இல் சாதி கடந்து தாமே தேர்ந்து மணந்தவர். அவர்கள் கேட்டது சம்மதம் என்ற ஒன்றைத்தான்.

1888இல் இரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு தாதாஜி விலகினார். ருக்மாபாய் இலண்டனில் மருத்துவம் பயின்று சூரத்தில் பணியாற்றினார். 1955இல் அவர் மறைந்தார். அதே ஆண்டு வந்த இந்து திருமணச் சட்டம், தன் 9ஆம் பிரிவில் அதே பரிகாரத்தை, இம்முறை கணவன் மனைவி இருவருக்குமாக, எழுதி வைத்தது. 1984இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவு செல்லும் என்றது.

உத்திரமேரூரைச் சுற்றிய சிற்றூர்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1993இல் மூன்றில் ஒரு பங்கு, 2016இல் பாதி என்று தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்கு இடம் கிடைத்தது. ஆயினும் தலைவியின் நாற்காலியில் கணவர் அமர்வதும், கையெழுத்து மட்டும் மனைவியுடையதாக இருப்பதும் நாடெங்கும் பேசப்படும் செய்தி. எல்லா ஊர்களிலும் அப்படி என்பதல்ல. தாமே நடத்திக் காட்டிய தலைவியர் பலர் உண்டு. ஆனால் இடஒதுக்கீடு பஞ்சாயத்து அலுவலகம் வரைதான் வரும். வீட்டுக்குள் யார் சொல் செல்லும் என்பதை அது தீர்மானிப்பதில்லை.

கணக்குக் காட்டாதவனின் மருமகனைக்கூட விலக்கிவைத்த ஊர் இது. தலைவியின் கணவர் கூட்டத்தில் எங்கே அமர வேண்டும் என்று கேட்பது அம்மரபுக்குப் புறம்பானதன்று. குடவோலையைப் பற்றிப் பெருமை பேசுவோர் முதலில் கேட்க வேண்டியதும் அதுவே என்பது என் எண்ணம்.