பஞ்சு என்ற பெயரில் பிளாஸ்டிக்

போன கோடையில் பக்கத்து நகராட்சி உரக்கிடங்கிலிருந்து ஒரு டிராக்டர் மக்கு உரம் இறக்கினேன். சலித்தால் பால் கவர் துண்டு, ஷாம்பு பாக்கெட், கூடவே கை நிறைய சிகரெட் துண்டு. காய்கறிக் கழிவெல்லாம் மக்கியிருந்தது; இந்தப் பஞ்சு மட்டும் அப்படியே கிடந்தது.

“பஞ்சுதானே சார், மக்கிடாதா?” என்றார் வேலைக்கு வந்த அம்மா. பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். அது பருத்திப் பஞ்சு இல்லை. செல்லுலோஸ் அசிடேட் என்கிற பிளாஸ்டிக் இழை. மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். அதில் தங்கிய நிகோடின் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அக்னி அஸ்திரத்தில் புகையிலை போடுவதே பூச்சிக்காகத்தானே? நாம் அளந்து தெளிக்கிறோம். இது கணக்கில்லாமல் வாய்க்கால் வழியா வருது.

புகைப்பவர் ஒழுங்காகப் போட வேண்டும், போடாவிட்டால் அபராதம் என்பார்கள். ஒவ்வொரு டீக்கடை வாசலிலும் ஆள் நிறுத்த முடியுமா?

நீலகிரியில் 2022-ல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் வந்தது. நல்ல திட்டம். வங்கியில் கடன் வசூல் பார்த்தவன் சொல்கிறேன், கையில் பிணை இருந்தால்தான் பொருள் திரும்பி வரும். ஆனால் சிகரெட்டுக்கு இது சரிவராது. நம்மூரில் பலரும் ஒத்தையாகத்தான் வாங்குகிறார்கள். எச்சில் துண்டை எண்ணி வாங்க எந்தக் கடைக்காரர் சம்மதிப்பார்?

அதனால் ஆலை வாசலிலேயே வசூலிக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோ நகரம் 2009-லேயே பாக்கெட்டுக்கு 20 சென்ட் துப்புரவுக் கட்டணம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் போட்ட சட்டப்படி, துண்டுகளை அள்ளும் செலவு உற்பத்தியாளர் தலையில்.

இங்கே என்ன நிலைமை? 2022 ஜூலை 1 முதல் தடை செய்த பிளாஸ்டிக் பட்டியலில், சிகரெட் பெட்டிமேல் சுற்றும் கண்ணாடித்தாள் இருக்கிறது. உள்ளே இருக்கும் பஞ்சு இல்லை! பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக்குக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்று விதி இருக்கிறது. பஞ்சு பொட்டலம் இல்லையே, தப்பித்துவிட்டது.

சிகரெட்டுக்கு ஏற்கனவே ஏகப்பட்ட வரி என்பீர்கள். அது பொதுக் கணக்கில் கரைந்துபோகிறது. தெருவைக் கூட்டுபவர் கைக்கு ஒரு உறைகூட அதிலிருந்து வருவதாகத் தெரியவில்லை. பஞ்சு வைத்த ஒவ்வொரு சிகரெட்டுக்கும் தனிக் கட்டணம், அதற்குத் தனிக் கணக்கு, அந்தப் பணம் நேராக ஊராட்சிக்கும் நகராட்சிக்கும். இதுதான் என் கோரிக்கை. கம்பெனி அதை வாங்குபவர் தலையில் கட்டுமா? கட்டட்டும். இப்போ அது நம்ம நிலத்து தலையில் இருக்கு.

அடுத்த படி, பஞ்சுக்கே தடை. பீடித் துண்டு இலையும் நூலும்தான், மக்கிடும். (பீடிக்கு வக்காலத்து வாங்கவில்லை!) பஞ்சு புகைப்பவரின் நுரையீரலையும் காப்பாற்றவில்லை.

வருகிற கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். அதுவரை, நகராட்சி உரம் வாங்கினால் சலிக்காமல் வயலில் போடாதீர்கள்.