உட்கார வைத்தால் உருகும் தசை

தொண்ணூறு வயதில் எடைப் பயிற்சியா? அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் செய்து பார்த்தார்கள். முதியோர் மையம் ஒன்றில் இருந்த பத்துப் பேர்; சராசரி வயது 90. எட்டு வாரம் கால்களால் எடை தூக்கினார்கள். ஒருவர் இடையில் விலகினார். மற்ற ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள். டாக்டர் மரியா ஃபியட்டரோன் குழுவினரின் இந்த ஆய்வு 1990-ல் வெளியானது.

இது எப்படி முடிந்தது? விடை தசையின் அமைப்பில் இருக்கிறது.

உடலில் தசை மூன்று வகை. இதயத் தசையும், குடலிலும் ரத்தக் குழாய்களிலும் உள்ள மென்தசையும் நம்மைக் கேட்காமலே இயங்குகின்றன. மூன்றாவது, எலும்போடு ஒட்டிய தசை. நாம் நினைத்தால் அசைவது. இவை 600-க்கும் மேல். உடல் எடையில் சுமார் 40 சதவீதம் இவைதான்.

இந்தத் தசையின் ஒவ்வொரு இழையிலும் ஆக்டின், மயோசின் என்ற இரு புரதங்கள் மெல்லிய சரடுகளாக அடுக்கப்பட்டுள்ளன. நரம்பு ஆணையிட்டதும் மயோசின் ஆக்டினைப் பிடித்து இழுக்கிறது. சரடுகள் சுருங்குவதில்லை; ஒன்றன்மேல் ஒன்று நழுவுகின்றன. தசை குறுகுகிறது. ஹக்ஸ்லி என்ற ஒரே பெயர் கொண்ட, ஆனால் உறவில்லாத இரு விஞ்ஞானிகளின் குழுக்கள் 1954-ல் தனித்தனியே இதைச் சொல்லின.

இந்தப் புரதங்களை உடல் ஓயாமல் கலைத்து, மீண்டும் கட்டிக்கொண்டே இருக்கிறது. வேலை கொடுத்தால் கட்டுமானம் மிஞ்சும். கொடுக்காவிட்டால் கலைப்பு மிஞ்சும். வயதாகும்போது தசை தானாகவே மெலியும். படுக்கை அதை விரைவுபடுத்தும். கால் தளர்ந்தவர் விழுகிறார், இடுப்பு எலும்பு முறிகிறது, மறுபடியும் படுக்கை. நஷ்டம் இதோடு நிற்பதில்லை. ரத்தத்தில் உள்ள சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வதும் தசைதான்.

நம் வீடுகளில் பெரியவர்களிடம் காட்டும் பாசம் பெரும்பாலும் 'நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்' என்பதுதான். தசைக்கு அது பாசமல்ல. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவதே நல்ல தொடக்கம். இதய நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். பருப்பு, பால், முட்டை என்று புரதமும் தட்டில் இருக்க வேண்டும்.

தாத்தா கடைக்குப் போகிறேன் என்றால் தடுக்க வேண்டாம். பையைக் கொடுத்து அனுப்பலாம்.