எதைவிட நூறு மடங்கு?

திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருப் பையன் கிராபிக்ஸ் கார்டு வைத்த லேப்டாப் வாங்கியிருக்கிறான். "சார், சிபியுவைவிட ஜிபியு நூறு மடங்கு வேகம்" என்றான். கல்லூரி புராஜெக்ட் அறிக்கைகளிலும் இதே கணக்கைப் பார்க்கிறேன். எதைவிட நூறு மடங்கு என்று கேட்டால்தான் பதில் தடுமாறுகிறது.

பெரும்பாலும், ஒரே கோரில் ஓடும், யாரும் செப்பனிடாத சிபியு புரோகிராமைவிட! ஜிபியுவுக்கு மாதக்கணக்கில் உழைப்பு. சிபியுவுக்கு ஒரு சாயங்கால வேலை. 2010-ல் இன்டெல் ஆய்வாளர்கள் இரண்டையும் ஒரே அக்கறையோடு செப்பனிட்டு, 14 வகைக் கணக்கீடுகளை அளந்தார்கள். கோர் ஐ7-960 சிபியுவை என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 280 முந்தியது சராசரியாக 2.5 மடங்குதான். ஒன்றில் மட்டும் 15 மடங்கை நெருங்கியது. எண்களை வரிசைப்படுத்துவதில் சிபியுவே ஜெயித்தது.

சிபியு விற்பவர் சொல்லும் கணக்குதானே என்பீர்கள். சந்தேகம் நியாயமானது. ஆனால் அந்த ஆய்வாளர்களில் ஒருவரான நடாதூர் சதீஷ், முந்தைய ஆண்டுதான் என்விடியாக்காரர்களோடு சேர்ந்து ஜிபியுவில் வரிசைப்படுத்தும் முறையை வகுத்தவர். இரண்டு வீட்டு அடுப்பும் அறிந்தவர். தவிர, அந்த ஜிபியு நினைவகத்திலிருந்து நொடிக்கு சுமார் 141 ஜிபி தரவை எடுக்கும். அந்த சிபியு 32. தரவுக்காகக் காத்திருக்கும் வேலையில் நான்கரை மடங்குக்கு மேல் வேகம் எங்கிருந்து வரும்?

"நாங்களே அளந்தோமே" என்பார்கள். ஜிபியுவிடம் வேலையைக் கொடுத்ததும் புரோகிராம் அடுத்த வரிக்குப் போய்விடும். வேலை முடியும்வரை நிற்காது. அங்கேயே கடிகாரத்தை நிறுத்தினால், ஆர்டர் எடுத்த நேரத்தைச் சமைத்த நேரமாக எழுதிக்கொள்வதுதான். நானும் ஒருமுறை அப்படி எழுதி ஒரு நாள் முழுக்கப் பெருமையாகத் திரிந்திருக்கிறேன். தரவு ஜிபியுவுக்குப் போய்த் திரும்பும் நேரத்தைப் பலர் சேர்ப்பதே இல்லை.

ஆயிரக்கணக்கில் கோர் இருக்கிறதே? இருக்கட்டும். எங்கள் ஊர் பிரகதாம்பாள் கோயில் தேரின் வடம் பிடிக்க எத்தனை பேர் வந்தாலும், தெருமுனையில் தேர் திரும்புவது முட்டுக்கட்டை போடுபவர் கையில். என்விடியா ஜிபியுவில் 32 இழைகள் (த்ரெட்) ஒரே கட்டளைக்கு ஒன்றாக நகரும். பாதி இழைகள் வேறு பக்கம் திரும்ப வேண்டுமானால் மீதிப் பாதி சும்மா நிற்கும். அணிப் பெருக்கலில் இந்தத் தொல்லை இல்லை. அது ஜிபியுவின் சொந்த ஊர். ஆனால் நட்பு வலை போன்றவற்றில் ஒருவருக்கு இரண்டு இணைப்பு, இன்னொருவருக்கு இரண்டாயிரம். இப்படி ஒழுங்கில்லாத வேலைகளை அளக்கவென்றே லோன்ஸ்டார்ஜிபியு என்ற தொகுப்பு இருக்கிறது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ரூபேஷ் நஸ்ரே பின்னர் சென்னை ஐஐடியில் பேராசிரியரானார்.

தம்பி, உன் அறிக்கையில் எந்த சிபியு, எத்தனை கோர், தரவு போய்வந்த நேரம் சேர்ந்ததா என்று எழுது. முதல் ஓட்டத்தைத் தள்ளிவிட்டுப் பத்து முறை ஓட்டிப் பார். ஆறு மடங்கு வந்தால் ஆறு என்றே போடு.