மரம் குடிபெயராது

பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்ககம் எழுப்பப் போகிறார்கள். கொல்லையில் முப்பது வருஷத்து மாமரம். வெட்ட மனம் வரவில்லை. 'வேரோடு பெயர்த்து, ஊருக்கு வெளியே வாங்கிப் போட்டிருக்கும் மனையில் நட்டுவிடலாம், இப்போதெல்லாம் அதற்கு ஆள் இருக்கிறார்கள்' என்று யாரோ சொல்கிறார்கள். ஜேசிபி வருகிறது, கிரேன் வருகிறது, அடிமரத்தில் சந்தனம் பூசிக் குங்குமம் வைக்கிறார்கள். லாரியில் மரம் போகும் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. ஒன்றரை மாதம் கழித்து இன்னொரு படம்: மொட்டையடித்த கிளை நுனியில் செம்பு நிறத் துளிர். 'பிழைத்துவிட்டது!' என்று ஆளாளுக்கு வாழ்த்து. மூன்றாவது படத்தை யாரும் அனுப்புவதில்லை.

வளர்ந்த மரத்தையும் பெயர்த்து நட்டுவிடலாம், கொஞ்ச நாள் தண்ணீர் ஊற்றினால் போதும் என்ற இந்த நம்பிக்கை வீட்டுக்காரர்களோடு நிற்கவில்லை. சாலையை அகலப்படுத்தும் ஒப்பந்தக்காரர், அவருக்கு அனுமதி தரும் அதிகாரி, அதைப் பாராட்டிச் செய்தி போடும் பத்திரிகை என்று எல்லோரிடமும் பரவியிருக்கிறது. நல்லெண்ணத்தில் பிறந்த நம்பிக்கை என்பதால் எதிர்த்துப் பேசத் தயங்குகிறார்கள். எனக்குத் தயக்கமில்லை. நம் தோட்டங்களில் நிற்கும் பெரும்பாலான பெரிய மரங்களுக்கு இந்த இடமாற்றம், லாரி வாடகையும் சேர்த்துக் கொடுத்து வெட்டுவதுதான்.

முதலில் அந்தத் துளிரைப் பார்த்துவிடுவோம். இந்த நம்பிக்கை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. மரம் தன் தண்டிலும் கிளையிலும் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. வேர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அது துளிர்ப்பதில்லை. கட்டையில் ஈரமும் சேமிப்பும் இருக்கும்வரை மொட்டுகள் விழித்துக்கொண்டே இருக்கும். வெட்டிப்போட்ட ஒதியங்கட்டை வேலியோரம் கிடந்தபடியே துளிர்ப்பதைக் கிராமத்தில் பார்க்காதவர் இல்லை. முருங்கைக் கிளையும் அப்படித்தான். அதைப் பார்த்து யாரும் 'பிழைத்துவிட்டது' என்று சொல்வதில்லை. துளிர் மரத்தின் செலவுக் கணக்கில் வருவது, வரவில் அல்ல.

இலை விரிந்தால் தண்ணீர் கேட்கும். தண்ணீர் கொடுக்க நுண்வேர் வேண்டும். அது கிடையாது. இலை வாடி உதிரும். மிச்சமிருக்கும் சேமிப்பை எடுத்து மரம் மறுபடி துளிர்க்கும், மறுபடி உதிர்க்கும். முதல் கோடையைத் தாண்டியது இரண்டாம் கோடையில் மாட்டிக்கொள்ளும். அதற்குள் வெயில்பட்ட பக்கம் பட்டை வெடித்திருக்கும், கரையான் ஏறியிருக்கும், நலிந்த மரமாகத் தேடி வரும் தண்டுத் துளைப்பான் மாமரத்தின் உள்ளே குடியேறியிருக்கும். பெரிய மரம் சாக ஆண்டுகள் ஆகும். பெயர்த்து நடும் தொழிலுக்கு அந்தத் தாமதம்தான் முதலீடு. மரம் காய்ந்து நிற்கும்போது பில் எப்போதோ கைமாறியிருக்கும். பழி வெயில் மேலும் தண்ணீர் ஊற்ற மறந்த காவல்காரர் மேலும் விழும்.

வேரைப் பற்றி நாம் வைத்திருக்கும் சித்திரமும் தவறானது. பள்ளிப் பாடநூலில் ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும். அதைப் பார்த்து வளர்ந்ததால், மேலே எவ்வளவு உயரமோ கீழே அவ்வளவு ஆழம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆழமாகத் தோண்டித் தூக்கினால் வேர் முழுதாக வந்துவிடும் என்ற எண்ணம் இதிலிருந்து வருகிறது. தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் இரண்டு அடிக்குள்ளேயே இருக்கிறது. அகலத்திலோ அது கிளைகளின் நிழல் எல்லையைத் தாண்டி, பல மரங்களில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தூரம் போகிறது. உங்கள் கொல்லை மாமரம் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு பக்கத்து வீட்டு மண்ணிலிருந்து வருகிறது. மதிலுக்கு இந்தப் பக்கம் தோண்டும் ஜேசிபி அதை எப்படி எடுத்து வரும்? குழிக்குள் அகப்படுவது தடித்த வேர்கள். அவை மரத்தைத் தாங்கும், தண்ணீரைக் கடத்தும். குடிப்பது அவற்றின் வேலையில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மரத்தைப் பெயர்ப்பதைத் தொழிலாகவே செய்யும் நாடுகளில், தண்டின் விட்டத்தைப்போல் குறைந்தது பத்து மடங்கு அகலத்துக்குத் தாய்மண்ணோடு எடுக்க வேண்டும் என்பது பொது விதி. அப்படி எடுத்தாலும் நுண்வேர்களில் மிகச் சிறிய பங்குதான் உடன் வரும், ஒன்பது பங்குக்கு மேல் மண்ணிலேயே தங்கிவிடும் என்பது அவர்கள் தெரிந்தே ஏற்றுக்கொண்ட இழப்பு. இருகை விரித்துக் கட்டிப்பிடித்தால் விரல்நுனிகள் தொட்டுக்கொள்ளும் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டு விட்டம் அரை மீட்டர். தாய்மண் 5 மீட்டர் அகலம், ஆழம் 1 மீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 20 கன மீட்டர். எடை 30 டன்னைத் தாண்டும், மரத்தின் எடை தனி. நம் தெருவுக்கு வரும் ஜேசிபி சில டன்னுக்குமேல் தூக்காது. அதனால் என்ன செய்கிறார்கள்? தூக்க முடிகிற அளவுக்கு வெட்டுகிறார்கள். ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு ஒரு மண் உருண்டை. தேவையான குறைந்தபட்சத்தில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் வாளியின் பற்கள் வேரை வெட்டுவதில்லை, பிய்க்கின்றன. பிய்ந்த முனையில் புது வேர் வருவதற்கு முன்னால் அழுகல் வந்துவிடும்.

வேர் போய்விட்டது, இலைக்குத் தண்ணீர் போதாது என்பதால் கிளைகளையெல்லாம் கழித்து மொட்டையடிக்கிறார்கள். கேட்டால் அறிவியல் என்பார்கள். கிளையோடு சேமிப்பில் பெரும் பங்கும் போய்விடுகிறது. புது வேரை எதைக் கொண்டு வளர்ப்பது? ஒழுங்கான முறை வேறு இருக்கிறது. ஓராண்டுக்கு முன்பே மரத்தைச் சுற்றிப் பள்ளம் எடுத்து, ஒரு பருவத்தில் பாதிச் சுற்று வேரையும் அடுத்த பருவத்தில் மீதியையும் கத்தரிப்பார்கள். இடைக்காலத்தில் உள்வட்டத்தில் புது நுண்வேர் கிளம்பும். அதன்பிறகே தூக்குவார்கள். இங்கே திங்கட்கிழமை அனுமதி, புதன்கிழமை லாரி. கட்டுமான அட்டவணைக்கு ஏற்பச் சித்திரை வெயிலிலும் மரம் பெயர்க்கிறார்கள். ஐப்பசி மழைவரை காத்திருக்க எந்தப் பொறியாளருக்குப் பொறுமை உண்டு?

வேர் மறுபடி பழைய அளவுக்குப் பரவ, தண்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஓர் ஆண்டு ஆகும் என்பது குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களின் கணக்கு. நம் வெப்பத்தில் வேர் இதைவிட வேகமாக ஓடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே வெப்பம்தான் இலையையும் உறிஞ்சுகிறது. அதுவரை மரத்தைப் பிடித்து நிறுத்தவும் வேர் இல்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் எத்தனை மரங்களைச் சாய்த்துப் போட்டது என்பதை அன்று தெருவில் நடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இருந்த இடத்திலேயே இருந்த மரங்கள் அவை. பெயர்த்து நட்ட மரத்தின் கீழே வண்டியை நிறுத்துவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

எல்லா மரமும் செத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆல், அரசு, அத்தி, பூவரசு போன்றவை போத்து நட்டாலே முளைக்கும் இனங்கள். அவற்றைப் பெயர்த்து நட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. தென்னையும் ஓரளவு தாங்கும், அதன் வேர் அமைப்பே வேறு. பனை தாங்காது. வேம்பு, மா, புளி, நாவல் ஆகியவற்றில் முதிர்ந்த மரம் பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடியும். ஆனால் செய்தியில் படத்தோடு வரும் வெற்றிக் கதைகளைக் கவனியுங்கள். பெரும்பாலும் அது ஓர் ஆலமரமாக, அரசமரமாக இருக்கும். ஆலமரம் பிழைத்த சான்றிதழை வைத்துக்கொண்டு வேம்பைத் தூக்கிப் போகிறார்கள். புது பங்களாவின் வாசலில் ஒரே நாளில் வந்து நிற்கும் பெரிய மரங்களைக் காட்டிச் சிலர் வாதாடுவார்கள். அவை ராஜமுந்திரிக்குப் பக்கத்துக் கடியம் போன்ற நர்சரி ஊர்களில், இடம் மாற்றுவதற்கென்றே பையிலும் தொட்டியிலும் வேரைக் கட்டுப்படுத்தி வளர்த்தவை. உங்கள் தாத்தா வைத்த மரத்துக்கு அந்தப் பயிற்சி கிடையாது.

உலகத்தில் பெருமரங்களை இடம் மாற்றி வென்றவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானின் கிஃபு மாகாணத்தில் மிபோரோ அணையில் மூழ்கவிருந்த கோயில்களின் செர்ரி மரங்கள் இரண்டை, பல நூறாண்டு வயதானவற்றை, 1960இல் மலைச்சரிவில் மேலேற்றி நட்டார்கள். இன்றும் பூக்கின்றன. அணை கட்டிய நிறுவனத்தின் முதல் தலைவர் தக்காசாகி தாட்சுனோசுகே அதைத் தன் சொந்தப் பொறுப்பாக எடுத்துக்கொண்டு, நாட்டின் தேர்ந்த செர்ரி வல்லுநரைக் கூட்டிவந்து செய்த வேலை அது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் லீக் சிட்டியில் சாலை அகலப்பட்டபோது நூறு வயது ஓக் மரம் ஒன்றை 2012இல் நகர்த்தினார்கள். நகர்ந்த தூரம் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. தாய்மண்ணோடு எடை 230 டன்னுக்கு மேல். செலவு சுமார் 2 லட்சம் டாலர். ஒரே ஒரு மரத்துக்கு! இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் நம் ஊரில் வேலை பிடிக்கிறார்கள். அந்தச் செலவையும் பொறுமையையும் பற்றிப் பேச்சே இல்லை.

நம் நாட்டுக் கணக்குக்கு வருவோம். மரப்பெயர்ப்புக்கென்றே கொள்கை வகுத்தது டெல்லி அரசு. கட்டுமானத்துக்குத் தடையாக நிற்கும் மரங்களில் 80 சதவீதத்தையாவது பெயர்த்து நட வேண்டும், ஓராண்டு முடிவில் அவற்றில் 80 சதவீதம் உயிரோடு இருக்க வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டுக் கொள்கை. 2022இல் டெல்லி வனத்துறையே உயர் நீதிமன்றத்தில் கணக்கு வைத்தது. மூன்றாண்டுகளில் பெயர்த்து நட்டவை 16,461 மரங்கள். பிழைத்தவை மூன்றில் ஒரு பங்கு. நீதிமன்றம் கேட்டதால் வெளிவந்த எண் இது. கேட்காத ஊர்களில் என்ன நிலை என்பதை, புறவழிச்சாலை ஓரங்களில் வரிசையாக நிற்கும் காய்ந்த கட்டைகளைப் பார்த்து நாமே எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

செத்த மரங்களைவிட எனக்குக் கோபம் தருவது வேறொன்று. இந்த நம்பிக்கை வருவதற்குமுன் ஒரு மரத்தை வெட்டுவது வெட்கப்பட வேண்டிய காரியமாக இருந்தது. வெட்டுகிறவர் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. சாலையை இரண்டு மீட்டர் தள்ளிப் போட முடியாதா, தூணை நகர்த்த முடியாதா என்று ஊர் கேட்டது. இன்று அந்தக் கேள்வியை எழுப்பினால், 'வெட்டவில்லையே, இடம்தான் மாற்றுகிறோம்' என்று ஒரே வரியில் வாயை அடைத்துவிடுகிறார்கள். வரைபடத்தைத் திருத்தும் வேலை மிச்சமாகிறது. வீடு கட்டுகிறவருக்கும் அப்படியே. மாமரத்தை ஒட்டி ஓர் அறையைச் சுருக்கியிருக்கலாம், கார் நிறுத்துமிடத்தை அந்தப் பக்கம் வைத்திருக்கலாம். லாரி கிடைக்கிறது என்றதும் யாரும் அந்த யோசனைக்குப் போவதில்லை.

'வெட்டுவதற்கு இது மேல் இல்லையா, மூன்றில் ஒன்றாவது பிழைக்கிறதே' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வேறு வழியே இல்லை என்று உறுதியான ஓர் அரசமரத்துக்கு, முறையான தயாரிப்போடு, மூன்றாண்டுத் தண்ணீருக்குப் பணம் ஒதுக்கிவிட்டு முயலுங்கள், நானே வந்து மண்வெட்டி பிடிக்கிறேன். ஆனால் வேறு வழி இல்லை என்பது முதலில் நிரூபணமாக வேண்டும். அந்த நிரூபணத்தைக் கேட்கவிடாமல் செய்வதற்குத்தான் இங்கே மரப்பெயர்ப்பு பயன்படுகிறது. தவிர, ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று ஒரு மொட்டை மரத்துக்குக் கொட்டும் பணத்தில் ஒரு தெரு முழுக்கக் கன்று வைத்து, கூண்டு போட்டு, வளர்த்து ஆளாக்கிவிடலாம்.

வீட்டு மரத்தைப் பிரிய மனமில்லாதவருக்கு நம் தோட்டக்காரர்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் வழி ஒன்று இருக்கிறது. இதில் செலவு சில நூறு ரூபாய்தான். மாமரமாக இருந்தால், கொட்டை முளைத்த நாட்டுக் கன்றில் உங்கள் மரத்தின் குச்சியை ஒட்டுக் கட்டச் சொல்லுங்கள். அதே மரம், அதே ருசி, நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாலைந்து ஆண்டில் காய்க்கும். பெயர்த்து நட்ட மரம் பிழைத்தாலும் அதற்குள் காய்க்குமா என்பது சந்தேகம். கொய்யா, மாதுளை, எலுமிச்சை எல்லாவற்றுக்கும் கிளையில் பட்டையைச் சுற்றி எடுத்துவிட்டு ஈரப்பாசி கட்டி விண்பதியம் போடலாம், சில வாரங்களில் வேர் பிடித்துவிடும். கறிவேப்பிலைக்கு அடியில் கிளம்பும் பக்கக் கன்று போதும். வேம்பு என்றால் ஆனி ஆடியில் உதிரும் பழத்தைப் பொறுக்கிச் சதை நீக்கி உடனே ஊன்ற வேண்டும், வேப்ப விதைக்குச் சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் போய்விடும். இதற்கெல்லாம் வீட்டை இடிப்பதற்கு ஓராண்டு முன்பே யோசிக்க வேண்டும். மரத்தின்மேல் உண்மையான பாசம் இருப்பவருக்கு அது பெரிய சிரமம் இல்லை.

மரம் வெட்ட அனுமதி தரும் மாவட்டப் பசுமைக் குழுக்களிடம் ஒரு கோரிக்கை உண்டு. உங்கள் பதிவேட்டில் 'இடம் மாற்றப்பட்டவை' என்று தனிப் பத்தி வைக்காதீர்கள். பெயர்க்கும் ஒவ்வொரு மரத்தையும் 'வெட்டப்பட்டவை' பத்தியிலேயே எழுதுங்கள், அதற்குரிய மாற்றுக் கன்றுகளையும் முழுதாக வாங்குங்கள். ஐந்து ஆண்டு கழித்து ஓர் அலுவலர் நேரில் போய்ப் பார்த்து, மரம் புதுக் கிளை விட்டு நிற்கிறது என்று கையெழுத்துப் போட்டால், அன்று அந்தப் பெயரை அடித்துவிடலாம்.