பாட்டுக்குக் காசு கேட்டால் பேராசையா?

இளையராஜா யாருக்காவது நோட்டீஸ் அனுப்பிவிட்டார் என்று செய்தி வந்தால் போதும், எங்கட ஆக்கள் எல்லாரும் ஒரே இரவில் சட்டத்தரணிகள் ஆகிவிடுவார்கள். 2017 மார்ச்சில் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு நோட்டீஸ் போனபோதும் இதுதான் நடந்தது. 2024 மே மாதம் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படக்காரருக்குப் போனபோதும் இதுதான். நான் வேலை செய்கிற பாரிஸ் உணவகத்தின் குசினியில் என்னோடு சேர்த்து நாலு தமிழர். வெங்காயம் வெட்டிக்கொண்டே தீர்ப்பும் எழுதிவிடுவார்கள்.

"மனுசனுக்கு வயசு போகப் போகக் காசாசை கூடுது."

"சம்பளம் வாங்கித்தானே போட்டவர்? மேசன் வீட்டைக் கட்டிக் குடுத்துப்போட்டு மாசாமாசம் வாடகை கேக்கிறவனே?"

இந்த மேசன் கதையை நீங்களும் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் இடிந்து விழுகிற சுவர் அது.

நான் இண்டைக்கு வைக்கிற சோஸ் இண்டைக்கே முடிந்துவிடும். நாளைக்கும் சாப்பிட ஆள் வந்தால் நாளைக்கும் நான் அடுப்புக்கு முன்னால் நிற்க வேணும், நாளைச் சம்பளமும் எனக்கு உண்டு. பாட்டு அப்படி இல்லை. ஒருக்காச் சமைத்ததை நாற்பது வருடமாக ஊரெல்லாம் பரிமாறுகிறார்கள். வானொலியில், கலியாண மண்டபத்தில், புதுப்படத்தில், கைத்தொலைபேசியில். ஒவ்வொரு தட்டுக்கும் யாரோ காசு எடுக்கிறார்கள். ஆகவே பாட்டுக்குக் காசு வாங்கலாமா என்பதல்ல கேள்வி. காசு வாங்குவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. அது யாருடைய பைக்குள் போகிறது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை முதலில் சத்தமாகக் கேட்டது இந்தப் பாரிஸ் நகரத்தில்தான். அதுவும் எங்களைப் போன்றவர்கள் வேலை செய்கிற மாதிரி ஒரு சாப்பாட்டுக் கடையில்.

1847 ஆம் ஆண்டு. ஷாம்ஸ் எலிசே வீதியில் அம்பாசடர் என்றொரு கஃபே. குடிக்கக் குடிக்கப் பாட்டும் கேட்கலாம், அதற்காகவே சனம் வரும். ஏர்னெஸ்ட் பூர்ஜே என்ற பாட்டுக்காரர் அங்கே போய் இருக்கிறார். அவருடைய பாட்டையே மேடையில் பாடுகிறார்கள். குடித்து முடிய பில் வருகிறது. மனுசன் கட்டமாட்டேன் என்று விட்டார். நீ என்னுடைய பாட்டுக்குக் காசு தரவில்லை, நான் உன்னுடைய குடிவகைக்குக் காசு தரமாட்டேன் என்பது அவருடைய நியாயம்.

மேசைக்குப் பில் கொண்டுபோகிறவனுக்குத்தான் தெரியும் இது எவ்வளவு பெரிய தகராறு என்று! ஆனால் வழக்கில் வென்றது பூர்ஜே. ஆக்கியவரின் சம்மதமில்லாமல் மேடையில் நிகழ்த்தக்கூடாது என்ற சட்டம் பிரெஞ்சுப் புரட்சி நாட்களிலேயே, 1791 இல் வந்திருந்தது. அது நாடகத்துக்குத்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். கஃபேயில் பாடுகிற சின்னப் பாட்டுக்கும் அது பொருந்தும் என்று அந்த வழக்குக் காட்டியது. ஒவ்வொரு கஃபேயாகப் போய் ஒரு பாட்டுக்காரர் சண்டை பிடிக்க முடியாதே. அதனால் 1851 இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதுதான் இன்றைக்கும் பிரான்சில் இருக்கிற சாசெம். கடை வைத்திருக்கிற எங்கட ஆக்கள் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிற அதே சாசெம்.

கடையில் மெல்லிசாகப் பாட்டுப் போட்டாலும் முதலாளி அதற்குக் கட்ட வேணும். அதில் ஒரு பங்கு இசையமைத்தவருக்கும் பாட்டு எழுதியவருக்கும். இன்னொரு பங்கும் இருக்கிறது. 1985 இல் வந்த சட்டப்படி, பாடியவர்கள், வாத்தியம் வாசித்தவர்களுக்குப் பாதியும் ஒலிப்பதிவைத் தயாரித்தவர்களுக்குப் பாதியும். கவனியுங்கள், தயாரிப்பாளரை ஒருவரும் துரத்தவில்லை. அவருக்கும் பங்கு உண்டு, ஆனால் முழுவதும் அவருக்கு இல்லை.

இந்தியாவில் கதை வேறு. 1977 இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின்படி, காசு கொடுத்துப் படத்துக்கென்று இசை போடுவித்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத இடத்தில் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர்தான். அதே தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் பாடகர்களுக்குச் சட்டத்தில் ஒன்றுமே இல்லையே என்று ஆதங்கப்பட்டுத் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். அந்தப் பாடகர்களைச் சட்டம் கண்ணெடுத்துப் பார்க்க 1994 வரை ஆனது. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் விடிவு வந்தது 2012 திருத்தத்தில். அதற்காக மேலவையில் வாதாடியவர் ஜாவேத் அக்தர், அவரே ஒரு பாட்டெழுத்துக்காரர். அந்தத் திருத்தத்தின்படி, தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற வழிகளில் பாட்டால் வருகிற ரோயல்டியில் இவர்களுக்குச் சமபங்கு உண்டு. அதை வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்கவும் முடியாது. வறுமையில் கையெழுத்து வைத்தாலும் செல்லாது. எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்த இடம் இதுதான். காசில்லாதவன் எதற்கும் கையெழுத்து வைப்பான் என்று தெரிந்தவர்கள் எழுதிய சட்டம்.

பழைய பாட்டுகளில் யாருக்கு எவ்வளவு என்பது ஒப்பந்தம் ஒப்பந்தமாகப் பார்க்க வேண்டிய விடயம். நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். என்னுடைய கருத்து என்னவென்றால், இளையராஜா கேட்கத் தொடங்கியது நியாயம். ஆனால் அந்த நியாயம் அவரோடு முடிந்துவிடக்கூடாது.

'குணா' படத்துப் பாட்டைத்தானே மஞ்ஞும்மல் பாய்ஸில் எடுத்துப் போட்டார்கள்? அதை எழுதியவர் வாலி. பாடியவர்கள் கமல்ஹாசனும் எஸ்.ஜானகியும். வயலின் வாசித்தவர்களின் பெயர் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர்கள் அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள். பாட்டெழுதியவரும் உரிமை கேட்டால் என்ன செய்வது என்று 2024 இல் சென்னை உயர்நீதிமன்றமும் கேட்டது. சிலர் அதை இளையராஜாவை மடக்குகிற கேள்வியாகப் பார்த்துக் கைதட்டினார்கள். எனக்கு அது மடக்குகிற கேள்வியாகத் தெரியவில்லை. கேட்கட்டுமே! எல்லாரும் கேட்கட்டும். பங்கு பிரிக்கத்தானே சட்டம்.

பாலு சாருக்கு நோட்டீஸ் போனது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பிறகு இருவரும் சமாதானமாகி 2019 இல் ஒரே மேடையில் நின்றார்கள், அடுத்த வருடம் அவர் போய்விட்டார். ஆனால் அந்தச் சண்டையில் நாங்கள் கவனிக்காத ஒரு ஆள் இருக்கிறார், டிக்கெட் விற்றவர். இங்கே கச்சேரி வைத்தால் உரிமைக் காசைக் கட்ட வேண்டியது ஏற்பாட்டாளர், பாடகர் இல்லை. சமைத்தவனும் பரிமாறினவனும் குசினி வாசலில் நின்று அடிபட, கல்லாவில் இருக்கிறவர் பேசாமல் காசை எண்ணிக்கொண்டிருப்பார். அந்தக் காட்சி எனக்குப் பழக்கமானது.

"அப்ப நாங்கள் ஊரில காசு குடுத்தே கேட்டனாங்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லைத்தான். யாழ்ப்பாணத்தில் ரெக்கோடிங் பாரில் பாட்டு லிஸ்டும் வெறுங்கசெட்டும் கொடுத்துப் பதிந்து கேட்ட ஊர் எங்கட ஊர். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லை, சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுப் பெடலைச் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டோம். பொருளாதாரத் தடைக்குள் இருந்த சனத்துக்குக் கடையில் ஒரிஜினல் கசெட் வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்கவில்லை. பங்கருக்குப் பக்கத்தில் பாட்டுக் கேட்ட பெடியனிடம் போய் எந்த இசையமைப்பாளரும் கணக்குக் கேட்கமாட்டார். பாரிஸில் மண்டபம் எடுத்து ஐம்பது யூரோவுக்கு டிக்கெட் விற்கிறவரும் அந்தப் பெடியனும் ஒன்றா? அந்த ஏழ்மையை இந்த வியாபாரத்துக்குச் சாட்டாகச் சொல்லுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இது பெரிய ஆக்களின் பிரச்சினை மட்டும் இல்லை. 2021 இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டை நினைத்துப் பாருங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிப் போன தன் பாட்டியின் கதையை வைத்து அறிவு எழுதிய பாட்டு. உலகமெல்லாம் கோடிக்கணக்கில் கேட்டார்கள். அதிலிருந்து தங்களுக்கு ஒரு சதமும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். கூலி கிடைக்காதவர்களைப் பற்றிய பாட்டு, அதற்கே இந்தக் கதி.

எங்கட புலம்பெயர் நிகழ்ச்சிகளிலும் இதுதான். இங்கே பிறந்த பிள்ளைகள் எழுதுகிறார்கள், இசை போடுகிறார்கள், சொந்தக் காசில் ஒலிப்பதிவு செய்கிறார்கள். மண்டபத்துக்குக் காசு உண்டு, ஒலிபெருக்கிக்காரருக்குக் காசு உண்டு, சாப்பாட்டுக்காரருக்கும் உண்டு. பாடுகிற பிள்ளைக்கு மட்டும் ஒரு பொன்னாடை. "உனக்கு மேடை குடுத்திருக்கிறம் தம்பி" என்று உபதேசம் வேறு. பொன்னாடையைக் கொண்டுபோய் வீட்டு வாடகை கட்ட ஏலாது.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. நிகழ்ச்சி வைக்கிறவர்கள் கணக்கில் பாட்டுக்கும் ஒரு வரி போடுங்கள். உரிமைக் காசு கட்டினால் மட்டும் போதாது, என்னென்ன பாட்டுப் பாடினோம், யார் எழுதினார், யார் இசை என்ற பட்டியலையும் ஒழுங்காகக் கொடுங்கள். பட்டியல் இல்லாவிட்டால் அந்தக் காசு உரியவரின் வாசலைக் கண்டுபிடிக்காது. பாடுகிற பிள்ளைகளே, சேர்ந்து பாட்டுச் செய்தால் யாருக்கு எத்தனை பங்கு என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வையுங்கள். சிநேகிதம் முறியாமல் இருக்க அதுதான் வழி.

பல்கலைக்கழகத்தை 2006 இல் பாதியில் விட்டுவிட்டு வந்தவன் நான், சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் கூலி என்றால் என்னவென்று பதினெட்டு வருடக் குசினி எனக்குச் சொல்லித் தந்திருக்கிறது. மாத முடிவில் சம்பளம் ரெண்டு நாள் பிந்தினாலே நாங்கள் குசினியில் துள்ளுகிற துள்ளு எங்களுக்குத் தெரியும். அதைப் பேராசை என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.